பந்து இல்லாத நேரத்தையும் பார்

அன்பு மகளுக்கு,

நீ ஆதரிக்கும் கால்பந்து அணியின் கோல்கீப்பரை நேற்று போனில் வறுத்தெடுத்துவிட்டாய். காசு கொடுத்து ஆட்டம் பார்ப்பவளுக்குத் திட்டும் உரிமை உண்டு, சரி. ஆனால் “அவனால்தான் தோற்றோம்” என்றாயே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஃபார்வர்டு ஐந்து வாய்ப்பைக் கோட்டைவிட்டு ஆறாவதை வலைக்குள் தள்ளினால் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறோம். கோல்கீப்பர் ஐந்தைத் தடுத்து ஆறாவதை விட்டால் அன்றைக்கு வில்லன் அவன்தான். அந்த வேலையின் லட்சணம் அப்படி. மார்க் போடும்போது இதை யார் நினைத்துப் பார்க்கிறோம்?

ஐரோப்பிய கிளப் அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் 2018 இறுதி ஆட்டம் உனக்கு நினைவிருக்கும். கீவ் நகரில் ரியல் மாட்ரிடிடம் லிவர்பூல் 3-1 என்று தோற்றது. லிவர்பூல் கோல்கீப்பர் கரியுஸ் பந்தை உருட்டிவிடப் போனார். ரியலின் பென்சிமா காலை நீட்ட, அதில் பட்டு கோல். கடைசியில் அதே அணியின் பேல் தொலைவிலிருந்து அடித்ததும் கையில் பட்டு நழுவி உள்ளே போனது. ஊரே சிரித்தது. முதல் கோலுக்குச் சற்று முன்புதான் ரியலின் செர்ஜியோ ராமோஸோடு மோதி கரியுஸ் தலையில் அடி வாங்கியிருந்தார். சில நாள் கழித்து அமெரிக்காவில் பரிசோதித்த மருத்துவர்கள், அவருக்கு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருக்கிறது, ஆட்டத்தை அது பாதித்திருக்கக்கூடும் என்றார்கள். அதையும் சாக்கு என்று கேலி செய்தவர்கள் உண்டு. தவறு தவறுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நடுவே பேல் அந்தரத்தில் பாய்ந்து அடித்தாரே ஒரு கோல், அதை எந்தக் கொம்பன் தடுத்திருப்பான்?

கடைசியாக நடந்ததுதான் நம் மனதில் ஒட்டிக்கொள்கிறது. 1994 உலகக் கோப்பை என்றால், இறுதி ஆட்டத்தின் பெனால்டி ஷூட்-அவுட்டில் இத்தாலியின் பாஜ்ஜியோ பந்தை ஆகாயத்துக்கு அனுப்பியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதே ஷூட்-அவுட்டில் அவருக்கு முன்பே அவர் அணியின் பரேசியும் மஸ்ஸாரோவும் தவறவிட்டதை யார் சொல்கிறார்கள்? நைஜீரியா, ஸ்பெயின், பல்கேரியா என்று நாக்-அவுட்டில் 5 கோல் அடித்து இத்தாலியை இறுதி ஆட்டம்வரை இழுத்து வந்ததே அந்த மனிதர்தான்.

இன்னொன்று. 90 நிமிடத்தில் ஓர் ஆட்டக்காரரின் காலில் பந்து இருப்பது ஏறக்குறைய இரண்டு மூன்று நிமிடம்தான். மீதி நேரம் இடத்தை அடைப்பதும், ஆளைத் துரத்துவதும், பாஸ் வரும் வழியை மறிப்பதுமாகப் போகும். டிவி கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுவதால் அது நம் கண்ணில் படாது. ரியல் மாட்ரிடின் நடுக்களத்தில் தடுப்பு வேலை பார்த்த மகலேலே இப்படி உழைத்தவர். 2003-இல் ரியல் மாட்ரிட் பெக்காமை வாங்கிக்கொண்டு இவரை இங்கிலாந்தின் செல்சி அணிக்கு விற்றது. செல்சி 2005-லும் 2006-லும் லீக் பட்டம் வென்றது. ரியல் அடுத்த லீக் பட்டத்துக்கு 2007 வரை காத்திருந்தது. அவர் ஒருவரால்தான் எல்லாம் என்று சொல்ல மாட்டேன் (அப்படிச் சொன்னால் நானும் உன்னைப் போலத்தான்). ஆனாலும் நட்சத்திரக் கூட்டத்துக்கு நடுவே அவருடைய இடம் காலியானது அந்த அணியில் நன்றாகவே தெரிந்தது.

அடுத்த ஆட்டத்துக்கு நேரில் போகிறாய் அல்லவா? பந்தை விட்டுவிட்டு, பத்து நிமிடம் உங்கள் டிஃபென்டர்களை மட்டும் கவனி. நேற்றைய இரண்டாவது கோலுக்கு முன்னால் லெஃப்ட் பேக் (இடப்பக்க டிஃபென்டர்) எங்கே நின்றார் என்று ரீப்ளேயில் ஒரு தடவை பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. அப்போதும் கோல்கீப்பர்தான் குற்றவாளி என்றால் சண்டையைத் தொடரலாம். அம்மா உன் கட்சி என்று இப்போதே அறிவித்துவிட்டாள்.

அன்புடன்,
அப்பா