இடுப்பு வைத்த பொம்மைகள்

தோ பாயோ,
சிங்கப்பூர்

அன்புள்ள கமலம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்த அன்றே எழுதியிருக்க வேண்டும். வெறுங்கையோடு எழுத மனசு வரவில்லை. குழந்தைக்கு ஒரு பொம்மை செய்து முடித்தேன், இதோடு வருகிறது. கண்ணுக்குப் பொத்தான் வைக்கவில்லை, பார். பிஞ்சுக் குழந்தை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். கறுப்பு நூலால் தைத்த கண்தான்.

ஆமாம், இப்போது என் முழுநேர வேலை இதுதான். மகன் வீடு மாறிப் போனபோது இரண்டு பை நிறையப் பழைய டீ-சட்டைகளை விட்டுப்போனான். குப்பைக் குழாயில் போடப் போனவள் திரும்பி வந்துவிட்டேன். இங்கே போடுகிற குப்பையெல்லாம் எரிந்து சாம்பலாகிக் கடைசியில் செமாக்காவ் தீவுக் குப்பைக் கிடங்குக்குத்தானே போகிறது. 1999-இல் திறந்த இடம், 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். இரண்டு பை துணியால் என்ன ஆகிவிடும் என்று கேட்பாய். எனக்குப் போட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

டீ-சட்டை ஒரு அற்புதமான துணி, கமலம். கீழ் விளிம்பிலிருந்து அரை அங்குல அகலத்தில் சுற்றிச் சுற்றி வெட்டிக்கொண்டே போனால் ஒரே நீளப் பட்டையாக வரும். பிடித்து இழுத்தால் தானே சுருண்டு கயிறாகிவிடும், ஓரம் பிரியாது. சேலையில் இது நடக்காது, நூல் நூலாகப் பிரிந்துவிடும்.

என்னிடம் இரண்டு தறி இருக்கிறது. ஒன்று, நாலு அங்குலச் சதுரச் சட்டம், நாலு பக்கமும் சின்ன ஆணிகள். நூலை ஆணிகளில் மூன்று அடுக்காகச் சுற்றிக்கொண்டு, நாலாவது அடுக்கை மட்டும் நீண்ட ஊசியால் மேலும் கீழுமாக நெய்ய வேண்டும். சதுரம் முடியும்வரை நூலை வெட்டவே வேண்டாம், நாலு பக்கமும் கரையோடு கழன்று வரும். அமெரிக்காவில் 1930-களிலேயே வீவ்-இட் என்ற பெயரில் இதை விற்றிருக்கிறார்கள். உன் பேத்தியின் பொம்மைக்குப் பாவாடை அதில் நெய்ததுதான்.

டீ-சட்டைக் கயிறு அதற்கு ரொம்பத் தடிமன். அதனால் இரண்டாவது தறி வெறும் பெட்டி அட்டை. மேலும் கீழும் பல் பல்லாக வெட்டி, பருத்தி நூலை நெடுக்கே பாவாகக் கட்டி, கயிற்றைக் குறுக்கே ஊடையாக விடுகிறேன். ஆரம்பத்தில் கயிற்றை இறுக்கி இறுக்கி இழுத்துவிடுவேன். மேலும் கீழும் அகலமாக இருக்கும், நடுவில் ஓரம் உள்வாங்கிவிடும். உங்கள் பவானியில் ஜமக்காளம் நெய்கிறவர்கள் பார்த்தால் அவிழ்த்து மறுபடி நெய் என்பார்கள். நானும் நாலைந்தை அவிழ்த்தேன். ஒருநாள் அலுத்துப்போய் அப்படியே மடித்துத் தைத்துப் பஞ்சடைத்தேன். பார்த்தால் பொம்மைக்கு இடுப்பு! வேறு எப்படியும் அந்த நெளிவு வந்திருக்காது. இப்போது ஊடையை வில் மாதிரி வளைத்துத் தளர்வாக விடக் கற்றுக்கொண்டுவிட்டேன். இடுப்பு வேண்டிய இடத்தில் மட்டும் தெரிந்தே இறுக்குகிறேன்.

அடைப்பதுதான் படுத்திவிட்டது. கால் கனமாக இருந்தால் பொம்மை உட்காரும் என்று அரிசி அடைத்தேன், இரண்டே மாதத்தில் வண்டு. துணித் துண்டுகளை அடைத்துத் துவைத்தேன், இந்த ஊர் ஈரத்தில் உள்ளே காயாமல் பூஞ்சை பிடித்தது. இப்போது உடம்புக்குப் பழைய தலையணைப் பஞ்சு. கொலுவில் உட்காருகிறவர்களுக்குக் காலில் கோலிக்குண்டு.

கொலு என்றேனே, இந்த வருஷம் கீழ்ப்படி முழுக்க நம் பழைய சிங்கப்பூர்தான். செட்டியார் கடை வைக்கிற இடத்தில் காப்பிக்கடை அங்கிள் வருகிறார். உடம்பு பால் டின். அப்போது காப்பியை அந்த டின்னில்தானே ஊற்றி, கயிறு கட்டிக் கொடுப்பார்கள், ஞாபகமிருக்கிறதா? டின் விளிம்பு கையைக் கிழிக்காமல் இருக்க நெய்த பட்டை சுற்றியிருக்கிறேன். பக்கத்தில் தேக்கா சந்தைப் பூக்கார அக்கா, மடியில் மிச்சக் கம்பளி நூலெல்லாம் சரம் சரமாக. அப்புறம் அந்தக் காலத்தில் சீனாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்த சம்சுய் பெண்கள் மூன்று பேர், செங்கல் சுமந்தபடி. அவர்களுடைய சிவப்புத் தலைக்கட்டைப் சீனப் புத்தாண்டுக்குப் பணம் வைத்துக் கொடுக்கிற சிவப்பு ஆங் பாவ் உறை பழையது ஒன்றில் மடித்துப் பார்த்தேன், முறுக்காக நன்றாகவே வந்தது. ஆனால் காகிதம் கசங்கிவிடுகிறது. துணிதான் சரி. பொத்தானுக்குச் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது. 2017 ஜூலையில் அதை மூடிவிட்டார்கள். நாம் சில்லறை கொடுத்துக் கை நிறைய அள்ளிவந்த பொத்தான்களில் பதினொன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. எட்டு அங்கிளின் சட்டைக்கு, மூன்று உனக்காக வைத்திருக்கிறேன்.

அம்மாவின் மரப்பாச்சி ஜோடி வழக்கம்போல மேல்படியில். இந்த முறை அவர்களுக்குக் கடைத்துணி கிடையாது, நான் நெய்ததுதான்.

இதற்குத்தான் உன்னிடம் கேட்கிறேன். தறியில் பாவு முடியும்போது நெய்ய முடியாமல் ஒரு முழம் ஒன்றரை முழம் நூல் மிச்சமாகி வெட்டிப் போடுவார்களே, அதைக் கொஞ்சம் கேட்டு வாங்கி அனுப்பேன். ஜமக்காள நூலின் முரட்டுத்தனம் எனக்கு இங்கே எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. துண்டு துண்டாக இருந்தாலும் பரவாயில்லை, பொம்மைக் கைக்கு ஒரு சாண் போதும். நவராத்திரிக்கு ஒரு மாதம் முன்னால் கைக்கு வந்தால் நெய்துவிடுவேன். சிவப்பு கூடுதலாக அனுப்பு, மூன்று தலைக்கட்டு பாக்கியிருக்கிறது.

அன்புடன்,
சரசு