கணினியைக் கடைக்குத் தூக்குமுன் மோடத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிற நம் குமரி மாவட்டத்தில் வீட்டு இணைய இணைப்பு துண்டிக்கப்படுவது புதிதல்ல. கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டிய ஃபைபர் கேபிளின் மேல் ரப்பர் கிளையோ தென்னை மட்டையோ விழுந்தால் போதும். பழுது வெளியிலா, கேபிள் வந்து சேரும் பெட்டியான மோடத்திலா, கணினியிலா என்று பார்க்காமலேயே பலர் பணத்தை இழப்பதுதான் என்னை வருத்துகிறது.

கடந்த ஐப்பசி மழையில், மகன் வளைகுடாவில் வேலை பார்க்கும் எங்கள் தெரு அம்மா ஒருவர், நெட் வரவில்லை என்று கணினியைப் பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றார். அங்கே விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றிக் கொடுத்துப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் கொண்டுவந்து மாட்டினால் அப்போதும் நெட் இல்லை. நான் போய்ப் பார்த்தபோது மோடத்தில் ‘எல்.ஓ.எஸ்.’ என்ற விளக்கு சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. பின்பக்கத்துப் பலாமரத்தின் கிளை முறிந்து, கேபிள் அறுந்து மதில்மேல் கிடந்தது. கணினியில் எந்தக் குறையும் இருந்திருக்கவில்லை. அதிலிருந்த பேரப்பிள்ளைகளின் படங்கள்தான் அழிந்துபோயின.

அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால், ஃபைபர் வழியாக வரவேண்டிய ஒளி மோடத்துக்கு வந்து சேரவில்லை என்று பொருள். கணினியில் என்ன செய்தாலும் பயனில்லை. மோடத்தின் பின்னால் செருகியிருக்கும் மெல்லிய ஒயர் அலமாரிக்கு இடையில் நசுங்கியோ மடங்கியோ இருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம். உள்ளே இருப்பது கண்ணாடி இழை என்பதால் கூர்மையாக வளைந்தால் ஒளி கசிந்துவிடும். அதைக் கழற்றி முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. ஒயர் சரியாக இருந்தால் உடனே புகார் செய்துவிட வேண்டியதுதான்.

சிவப்பு விளக்கு இல்லை, ஃபைபர் இணைப்பு சரியாக இருப்பதைக் காட்டும் ‘பான்’ விளக்கு பச்சையாக நிலைத்து எரிகிறது என்றால், அதே வைஃபையில் கைப்பேசியை இணைத்துப் பார்க்க வேண்டும். கைப்பேசியில் வந்து கணினியில் வராவிட்டால், முதலில் மோடத்தையும் கணினியையும் நேரடியாகச் சேர்க்கும் லேன் ஒயரில் இணைத்துச் சோதிக்கலாம். தடித்த சுவருள்ள பழைய வீடுகளில் உள்ளறை வரை வைஃபை எட்டாமல் இருப்பதும் உண்டு. ஒயரிலும் வராவிட்டால், விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் ப்ராம்ப்டில் ‘ஐபிகான்ஃபிக்’ (ipconfig) என்று தட்டச்சு செய்தால், இணைப்பில் கணினிக்குத் தரப்பட்ட எண் முகவரி தெரியும். அது 169.254 என்று தொடங்கினால், இணைப்பைப் பகிர்ந்து தரும் ரௌட்டரிடமிருந்து (பெரும்பாலும் மோடத்துக்குள்ளேயே இருக்கும்) கணினிக்கு முகவரி கிடைக்கவில்லை. மோடம், கணினி இரண்டையும் அணைத்துப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். முகவரி சரியாக இருந்து, அதே கமாண்ட் ப்ராம்ப்டில் 8.8.8.8-க்குப் பிங் செய்தால் (ping 8.8.8.8 என்று தட்டச்சு செய்து இணைப்பைச் சோதித்தால்) பதில் வந்து, தளங்கள் மட்டும் திறக்காவிட்டால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். அமைப்பில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பார்க்கலாம். பழைய கணினியில் தேதி தவறாக இருந்தாலும் பல தளங்கள் திறக்க மறுக்கும்.

இடி மின்னலின்போது, கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்று நம்பி மோடத்தை அப்படியே விட்டுவிடக் கூடாது. அடாப்டர் வழியாக மின்னழுத்தம் ஏறினால் மோடமும், லேன் ஒயரில் இணைந்த கணினியும் கெடக்கூடும். இரண்டின் பிளக்கையும் முன்கூட்டியே உருவிவிடுவது நல்லது.

இணைப்பு தருகிற நிறுவனங்கள், எந்த விளக்கு எதைக் குறிக்கிறது என்பதைத் தமிழில் அச்சிட்டு மோடத்தருகே ஒட்டித் தர வேண்டும். புகார் மையத்தில் பேசுபவர், அணைத்துப் போடச் சொல்வதற்கு முன் விளக்கின் நிறத்தைக் கேட்க வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ‘டிராய்’ அமைப்பின் 2012ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஒவ்வொரு புகாருக்கும் பதிவு எண் தரப்பட வேண்டும். தீர்வு திருப்தி தராவிட்டால் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். வாசகர்கள் அந்த எண்ணைக் கேட்டு வாங்காமல் தொலைபேசியை வைக்க வேண்டாம். தங்கள் இதழும் ஆண்டுதோறும் மழைக்காலம் தொடங்குமுன் இந்த விளக்குகளின் விவரத்தைப் படத்துடன் அரைப் பக்கமாவது வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருவட்டாறு, கன்னியாகுமரி மாவட்டம்.