கிட்டிமாட் போய்ச் சேராத குழாய்

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. பெண்ணுக்கு வரன் அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். தேதி குறித்ததும் சொல், டிக்கெட் எடுக்க வேண்டும். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

“அல்பர்டாவிலிருந்து மேற்குக் கடலுக்குக் குழாய் வருகிறதென்று துள்ளினாயே, என்ன ஆச்சு?” என்று கேட்டிருந்தாய். வரவேயில்லை. நார்தர்ன் கேட்வே என்று அதற்குப் பெயர், என்பிரிட்ஜ் என்ற கனடாக் குழாய்க் கம்பெனியின் திட்டம். அல்பர்டாவில் எட்மன்டன் பக்கத்துப் புரூடர்ஹைமிலிருந்து மேற்குக் கரையின் கிட்டிமாட் துறைமுகம்வரை 1,177 கிலோமீட்டர், தினம் 5,25,000 பீப்பாய் எண்ணெய். தார்போலக் கெட்டியான எண்ணெயை இளக்கும் திரவத்தை இந்தப் பக்கம் கொண்டுவரக் கூடவே இன்னொரு குழாய். வெல்டிங் வேலையில் இருந்த எங்களுக்கு ஆசை வராமல் இருக்குமா?

சிக்கல் கடலில் இருந்தது. கிட்டிமாட்டிலிருந்து எண்ணெய் டேங்கர் கப்பல்கள் டக்ளஸ் சேனல் என்ற கடல்வழியில், தீவுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து வெளியேற வேண்டும். 2012இல் கம்பெனியின் விளம்பர வீடியோவில் பார்த்தால் அந்தத் தீவுகளையே காணோம்! அகலமான நீலத் தண்ணீர், நடுவில் ஜம்மென்று ஒரு பாதை. கேட்டதற்கு, சும்மா விளக்கத்துக்குப் போட்ட படம் என்றார்கள். அந்தச் சேனலின் வாயருகேதான் 2006இல் ‘குயின் ஆஃப் த நார்த்’ பயணிகள் கப்பல் கில் தீவில் மோதி மூழ்கியது. நடுராத்திரியில் படகெடுத்துப் போய் ஆட்களைக் கரை சேர்த்தவர்கள் ஹார்ட்லி பே கிராமத்துப் பூர்வகுடிகள். அவர்களிடமா தீவில்லாத படத்தைக் காட்டுவது?

2014 ஏப்ரலில் கிட்டிமாட்டிலேயே ஓட்டெடுப்பு நடந்து, 58 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். வேலை வரவேண்டிய ஊர், பார்த்துக்கொள். ஆனாலும் ஜூனில் அப்போதைய பிரதமர் ஹார்ப்பரின் அரசு 209 நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தது. ஹார்ட்லி பே பெண்கள் நூலில் பின்னிய கயிற்றைச் சேனலின் குறுக்கே இழுத்துக் கட்டி எதிர்ப்பைக் காட்டினார்கள். பூர்வகுடிகளிடம் அரசு முறையாகக் கலந்து பேசவில்லை என்று 2016இல் நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. நவம்பரில், ஹார்ப்பருக்கு அடுத்து வந்த பிரதமர் ட்ரூடோவின் அரசு திட்டத்தையே தள்ளிவிட்டு, அதே நாளில் வான்கூவர் பக்கம் போகும் ட்ரான்ஸ் மவுன்டன் குழாயின் விரிவாக்கத்துக்குத் தலையாட்டியது. இங்கே பலருக்கு அதில் இன்னும் எரிச்சல். எனக்கு அவ்வளவு இல்லை. எண்ணெய் போக வழி கிடைத்துவிட்டது, 2024 மே மாதம் அது ஓடவும் தொடங்கிவிட்டது.

இப்போது கிட்டிமாட் இருக்கும் வடமேற்குக் கரைக்குப் புதுக் குழாய் என்று அல்பர்டா அரசு மறுபடி பேசுகிறது. அந்தக் கரையில் பெரிய எண்ணெய் டேங்கர்களைத் தடுக்கும் 2019ஆம் ஆண்டுச் சட்டம் வேறு இருக்கிறது. என்னைக் கேட்டால், முதலில் ஹார்ட்லி பே போய் உட்கார்ந்து பேசட்டும், வரைபடத்தை அப்புறம் விரிக்கலாம். என்னை யார் கேட்கப்போகிறார்கள்!

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
பழைய பெஞ்சுத் தோழன்