பாலுவுக்கு, கோபாலபுரத்திலிருந்து

அன்புள்ள பாலு,

தங்கச்சி கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே காற்றுக்காலம் தொடங்கிவிட்டது, கணவாய்க் காற்றை எதிர்த்துப் பாலக்காட்டுப் பக்கம் சைக்கிள் மிதிக்க முடியவில்லை.

இப்போது கையில் இருக்கும் வேலை உனக்குப் பிடிக்கும். பாலக்காட்டில் பழைய சைக்கிள்களைச் சீராக்கும் ஒரு கடைக்காரர், 1970-களின் பெஜோ சைக்கிளுக்கான பிரெஞ்சு உதிரிபாகப் பட்டியலை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார். கிதோன் என்றால் ஹேண்டில்பார், ழாந்த் என்றால் ரிம், ரூ லீப்ர் என்றால் பிரீவீல், இதெல்லாம் அகராதியே தேவைப்படாத வேலை. ஆனால் பெயரை மட்டும் எழுதிக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

புவாத்தியே த பெதாலியே, அதாவது நம் மெக்கானிக்குகள் பி.பி. என்கிற, பெடல் கிராங்கின் அச்சு சுழலும் இடத்தையே எடுத்துக்கொள். ஆங்கிலத்தில் பாட்டம் பிராக்கெட் என்று எழுதி ஆர்டர் போட்டால், பெரும்பாலும் இங்கிலீஷ் மரை போட்ட கப்தான் (அச்சின் பேரிங்கைத் தாங்கும் கிண்ணம்) வந்து இறங்கும். அது 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. பிரெஞ்சுக் கப் 35 மி.மீ., மரைக்கு மரை 1 மி.மீ. மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசமே தெரியாது, வெர்னியர் வைத்தால்தான் பிடிபடும். அதைவிடப் பெரிய வம்பு, இங்கிலீஷில் வலப்பக்கக் கப்புக்கு இடமரை, அதாவது கடிகாரச் சுற்றுக்கு எதிராகத் திருப்பினால்தான் இறுகும், பிரெஞ்சில் இரண்டு பக்கமும் வலமரை. நம்ம ஊர் சைக்கிளையே கழற்றிப் பழகிய கை வலப்பக்கக் கப்பைக் கடிகாரச் சுற்றில் திருப்பும், பிரெஞ்சு சைக்கிளில் அது இன்னும் இறுகும், பலம் கொடுக்கக் கொடுக்க ஸ்பேனர் பிடிக்கிற ஓரம் மழுங்கி, கடைசியில் கப்பே வீண். அதனால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அளவும் திருப்பும் திசையும் எழுதுகிறேன். பட்டியல் நீளமாகிறது என்கிறார் கடைக்காரர், நீளட்டும். பெடலில் ஜி, டி என்று பொறித்திருப்பது கோஷ், துருவாத், இடது வலது. அதையும் சேர்த்துவிட்டேன்.

டயரில் மட்டும் நல்ல செய்தி. நம்ம ஊர் 28 ஒன்றரை டயரும் பிரெஞ்சுக்காரர்களின் 700பி-யும் ஒரே அளவு, ரிம்மில் உட்காரும் விட்டம் 635 மி.மீ. 700சி-தான் வேறு, 622.

அப்புறம், உங்கள் புதுச்சேரியில் பழைய கடைகள் ஏதாவது மிச்சம் இருந்தால் 14 மி.மீ. மரை பெடல் ஒரு ஜோடி கிடைக்குமா என்று விசாரித்து எழுது. இங்கிலீஷ் பெடல் 9/16 அங்குலம், தெரியாமல் அதை வாங்கிவிடாதே.

அன்புடன்,
முருகேசன்