முதலில் ரத்தத்தை நிறுத்தக் கற்றுக்கொள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். பத்திரிகை வேலையை விட்டுவிட்டுத் தனியாகப் படமெடுக்கப் போவதாகவும், முதலில் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் ரோஹிங்கியா அகதி முகாம்கள், அப்புறம் முடிந்தால் எல்லை தாண்டி மியான்மர் என்றும் அப்பாவிடம் சொன்னாயாம். போகாதே என்று நான் சொல்லப்போவதில்லை. கேஷுவாலிட்டியிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் வேலை பார்த்தே ரிட்டயர் ஆனவள் நான். அடிபட்டவர்கள் கிடக்கும் இடத்துக்கு யாராவது போய்த்தான் ஆகவேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் ஒரு நிபந்தனை. ரத்தப்போக்கை நிறுத்தும் கைப்பழக்கம் உனக்கு வரும்வரை புது லென்ஸ் வாங்காதே.

போர்க்களப் படக்காரர் டிம் ஹெதரிங்டன் இறந்ததைப் பற்றி உனக்கு நன்றாகத் தெரியும். 2011 ஏப்ரல் 20, லிபியாவின் மிஸ்ராட்டா. அதே தாக்குதலில்தான் இன்னொரு படக்காரர் கிறிஸ் ஹோண்ட்ரோஸும் போனார். ஹோண்ட்ரோஸுக்குத் தலையில் காயம்; அந்த இடத்தில் யாரும் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது. ஹெதரிங்டனுக்குத் தொடை இடுக்கில் குண்டுச் சிதறல். மருத்துவமனைக்குப் போகிற வழியில், வண்டியிலேயே, ரத்தம் வடிந்து உயிர் போய்விட்டது. தொடையில் ஓடும் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்கள்தான், பாப்பா. கூட இருந்தவர் அவர் கையைப் பிடித்தபடி பேசிக்கொண்டே வந்தார். பாசத்துக்குக் குறைவில்லை, எங்கே அழுத்தவேண்டும் என்றுதான் தெரிந்திருக்கவில்லை. அவருடைய நண்பர் செபாஸ்டியன் ஜங்கர் அதைத் தாங்கமுடியாமல்தான், தனியாகப் போர்க்களம் போகும் செய்தியாளர்களுக்கு இலவசமாக முதலுதவி சொல்லித்தர 'ரிஸ்க்' என்ற அமைப்பைத் தொடங்கினார்.

நீ பயிற்சிக்குப் போவதற்குள் இதை மனதில் வாங்கிக்கொள். காலிலோ கையிலோ ரத்தம் பீய்ச்சினால், காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டின்மேல் படாமல், ரத்தத்தைத் தடுக்க இறுக்கிக் கட்டும் டூர்னிக்கே பட்டையைப் போட்டு, அதிலுள்ள குச்சியைத் திருகு. ரத்தம் நிற்கும்வரை திருகு. அடிபட்டவர் வலியில் கத்துவார், உன்னைத் திட்டுவார். தளர்த்திவிடாதே. கட்டிய நேரத்தைக் குறித்து வை. தொடை இடுக்கிலும் அக்குளிலும் பட்டை நிற்காது. அங்கே காஸ் (gauze) கட்டுத்துணியைக் காயத்துக்குள்ளேயே விரலால் திணித்து, உன் முழு எடையையும் போட்டு அழுத்தவேண்டும். முதல்முறை கை பின்வாங்கும். நர்சிங் பிள்ளைகளுக்கே பின்வாங்கும், நான் பார்த்திருக்கிறேன். பட்டையை உனக்கு நீயே, ஒரே கையால் போட்டுப் பழகு. இடது கையாலும் பழகு.

ராய்ட்டர்ஸ் படக்காரர் டேனிஷ் சித்திகியின் அந்தப் படத்தை நீதான் எனக்குக் காட்டினாய். 2017 செப்டம்பரில் வங்கதேசத்தின் ஷா போரிர் த்வீப் கரையில் படகை விட்டு இறங்கிய ரோஹிங்கியா பெண், சோர்ந்துபோய்க் குனிந்து ஈர மணலைக் கையால் தொடுகிறாள். அவ்வளவுதான் படம். 2018இல் ராய்ட்டர்ஸ் குழுவுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்த படங்களில் அதுவும் ஒன்று. அப்படிப்பட்டவர், அவ்வளவு பெரிய நிறுவனம் பின்னால் இருந்தும், ஆப்கன் சிறப்புப் படையோடு போயும், 2021 ஜூலை 16 அன்று ஸ்பின் போல்டாக்கில் கொல்லப்பட்டார். அவருடைய அப்பா ஒரு பேராசிரியர். மகனுக்கு நியாயம் கேட்டு அந்தப் பெற்றோர் 2022இல் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம்வரை போனார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உன் பின்னால் நிறுவனமும் இல்லை. அடிபட்டால் உன்னைத் தூக்கி வர வண்டிக்கும் விமானத்துக்கும் யார் பணம் கட்டுவது? காப்பீடு இல்லாமல் கிளம்பாதே. லண்டனில் இருக்கும் ரோரி பெக் டிரஸ்ட் தனியாக வேலை பார்ப்பவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சிக்கு உதவித்தொகை தருகிறது. எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு குண்டு துளைக்காத உடுப்பையும் ஹெல்மெட்டையும் இரவலாகத் தருகிறது. இரண்டுக்கும் எழுதிப் போடு, கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

வண்டி ஓட்டுபவரையும் கணக்கில் வை. 2011 மார்ச்சில் லிபியாவில் படக்காரர் லின்சி அடாரியோ உள்பட நியூயார்க் டைம்ஸ்காரர்கள் நாலு பேரைப் பிடித்துப்போய் அப்புறம் விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு வண்டி ஓட்டிய லிபிய இளைஞர் உயிரோடு வீடு திரும்பவில்லை. உன்னோடு வரும் உள்ளூர்க்காரர் "இதுக்கு மேல வேண்டாம்" என்றால் அதோடு திரும்பிவிடு. நல்ல படம் போய்விடுமே என்று அவரை வற்புறுத்தாதே. அவருக்கும் ஒரு அம்மா இருப்பாள்.

தென்னாப்பிரிக்கப் படக்காரர் கெவின் கார்ட்டரின் படத்தை, குழந்தையும் பின்னால் கழுகுமாக, சித்தப்பா மறுபடியும் குரூப்பில் போட்டிருக்கிறார். குழந்தையைக் கழுகு தின்றுவிட்டது, குற்ற உணர்ச்சியில் கார்ட்டர் செத்தார் என்று கீழே கதை வேறு. அந்தக் குழந்தையின் கையைப் பார். ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கும். நாங்கள் வார்டில் கட்டுகிற மாதிரிதான். உணவு மையத்தில் பதிவான குழந்தை என்று அர்த்தம். 1993இல் சூடானில் எடுத்த படம். பல வருடம் கழித்து 2011இல் ஸ்பெயின் பத்திரிகைக்காரர்கள் அந்த ஊருக்கே போய்க் குடும்பத்தைத் தேடிப்பிடித்தார்கள். அது ஆண் குழந்தை, அந்தப் பஞ்சத்தில் பிழைத்திருக்கிறான், வளர்ந்தபின் காய்ச்சலில் இறந்திருக்கிறான். இடையில் உலகம் முழுக்க அந்தப் பிள்ளையைச் சாகடித்துவிட்டது. கார்ட்டருக்கோ வேறு பாரங்களும் இருந்தன. 1994 ஏப்ரலில் அவருடைய நண்பரும் படக்காரருமான கென் ஊஸ்டர்ப்ரூக் தென்னாப்பிரிக்காவின் தொகோசாவில் சுடப்பட்டு இறந்தார், ஜூலையில் கார்ட்டர் உயிரை மாய்த்துக்கொண்டார். கண்ணில் பார்த்ததை உள்ளேயே பூட்டி வைக்காதே. தூக்கம் போனால் மறைக்காமல் சொல், நல்ல டாக்டரிடம் போகலாம்.

உக்ரைனின் மரியுபோல் படத்தில் எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் படக்காரர்கள் செய்ததுதான். 2022 மார்ச் 9, பிரசவ மருத்துவமனையில் குண்டு. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது அந்தக் கர்ப்பிணி அடிவயிற்றில் கையை வைத்திருக்கிறாள். எவ்கேனி மலோலெட்கா படமெடுத்ததோடு விடவில்லை. அவரும் கூட இருந்தவர்களும் அவளைத் தேடி, டாக்டர்களிடம் கேட்டு, சிசேரியன் செய்தும் குழந்தையும் தாயும் பிழைக்கவில்லை என்பதை எழுதினார்கள். எல்லாம் நாடகம் என்று ரஷ்யத் தரப்பு சொன்னபோது பதில் கையில் இருந்தது. நீயும் அப்படிச் செய். பெயர் கேள், சம்மதம் கேள், முடிந்தால் மறுபடி போய்ப் பார்.

உன் ரத்தப் பிரிவு ஓ நெகட்டிவ். நம் ஊரிலேயே அலைந்து தேடவேண்டிய ரத்தம். அதை அட்டையில் ஆங்கிலத்திலும் வங்காளியிலும் எழுதி, உடுப்பிலும் பையிலும் வை. பயிற்சிக்கான பணத்தை அப்பா எடுத்து வைத்திருக்கிறார். தேதி தெரிந்ததும் சொல், அனுப்பிவிடுகிறோம்.

அன்புடன்,
அம்மா