கி.பி. கணக்கும் ஒரு துறவியும்

ஆசிரியருக்கு,

கி.பி. ஆண்டுக் கணக்கு பற்றிய கட்டுரை படித்தேன். கி.பி. 525-ல் அதை வகுத்த ரோம் நகரத் துறவி டயோனிசியஸைச் சொன்னீர்கள், சரி. ஆனால் அதை வரலாற்று எழுத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்த இங்கிலாந்துத் துறவி பீட் பெயரையே காணோமே!

ஏழு வயதில் மடத்தில் சேர்க்கப்பட்டவர். வட இங்கிலாந்தில் அன்றிருந்த நார்தம்பிரியா நாட்டின் ஜாரோ மடத்திலேயே பெரும்பாலான காலத்தைக் கழித்தார். 731-ல் முடித்த ‘ஆங்கிலேயர் திருச்சபை வரலாறு’ என்ற நூலில், நிகழ்ச்சிகளைக் கிறிஸ்து பிறப்பிலிருந்து எண்ணி எழுதினார். அந்தந்த மன்னரின் ஆட்சியாண்டை வைத்துக் காலம் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் அது பெரிய காரியம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அவர் தகவல் திரட்டிய விதம். நாத்தெல்ம் என்ற லண்டன் பாதிரியார் ரோமில் போப்பாண்டவர்களின் பழைய கடிதங்களைத் தேடிப் படியெடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். யார் யாரிடம் என்ன கேட்டறிந்தார் என்பதை முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார் பீட். இன்று எத்தனை பேர் அப்படிச் செய்கிறோம்? நிலவுக்கும் கடல் ஓதத்துக்கும் (கடல்மட்டம் ஏறி இறங்குவதற்கும்) உள்ள தொடர்பை ஆராய்ந்தவர், ஓதம் ஏறும் நேரம் இடத்துக்கு இடம் மாறும் என்றும் எழுதியிருக்கிறார்.

735-ல் சாகும் தறுவாயில் தன் சிறு பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, அதிலிருந்த மிளகையும் கைத்துணிகளையும் சாம்பிராணியையும் மடத்துக் குருக்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார் என்று அவருடைய மாணவர் கத்பர்ட் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து மிளகு நம் மேற்குக் கடற்கரைப் பக்கத்திலிருந்து போனதுதான். அடுத்த முறை அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே போடலாம்.

வாசகர், திருநெல்வேலி