ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தையும் பார், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை ஒவ்வொரு பக்கமாகப் பெரிதாக்கி நிதானமாகப் படித்தேன். போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும், அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் எஸ்.ஓ.டி. 138 என்று இருப்பதுதான் உன்னைப் பயமுறுத்தியிருக்கிறது. "உடம்பில் ஆன்டிஆக்சிடன்ட் குறைவு, அதனால்தான் அசதியும் முடி கொட்டுவதும்" என்று யாரோ ஆலோசகர் போனில் சொல்லி, மூன்று மாதத்துக்கு மாத்திரை டப்பாவும் எடுத்துக்கொள்ளச் சொன்னதாக எழுதியிருந்தாய். வாங்காதே. வாங்கிவிட்டாய் என்றால் பிரிக்காமல் வை. காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும். ரிட்டயர் ஆகும்வரை லேபில் இந்த நொதியோடு உன் அம்மா பட்ட பாடு உனக்குத் தெரியாததல்ல.

எஸ்.ஓ.டி. என்றால் சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி (என்சைம்). நாம் இழுக்கும் ஆக்சிஜனில் ஒரு சிறு பங்கு செல்லுக்குள் சூப்பர்ஆக்சைடு என்ற தொல்லை தரும் வடிவமாக மாறுகிறது. இந்த நொதி அதைப் பிடித்து ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் ஆக்சிஜனாகவும் மாற்றும். இப்படித் தொல்லையை அடக்குவதைத்தான் ஆன்டிஆக்சிடன்ட் என்கிறார்கள். அந்தப் பெராக்சைடையும் விட்டுவைக்க முடியாது. அதைத் தண்ணீராக்குவது கேட்டலேஸ், குளூட்டதயோன் பெராக்சிடேஸ் என்ற வேறு இரண்டு நொதிகள். 1938-இல் கேம்பிரிட்ஜில் மானும் கெய்லினும் மாட்டு ரத்தத்திலிருந்து செம்பு கலந்த ஒரு நீலப் புரதத்தைப் பிரித்தார்கள். அதன் வேலை என்ன என்று முப்பது வருஷம் யாருக்கும் பிடிபடவில்லை. 1969-இல் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் மெக்கார்ட் என்ற ஆராய்ச்சி மாணவரும் அவருடைய பேராசிரியர் ஃப்ரிடோவிச்சும்தான் அது செய்யும் வேலையைக் கண்டுபிடித்தார்கள்.

இதை அளப்பது சர்க்கரை அளப்பதுபோல் சுலபம் இல்லை. நொதியில் பெரும்பகுதி சிவப்பணுவுக்குள் இருக்கிறது. ஊதா மூடி ட்யூபைச் சுற்றவிட்டு, மேலே நிற்கும் பிளாஸ்மாவையும் நடுவில் மெல்லிய வெள்ளையணுப் படலத்தையும் உறிஞ்சி எடுக்கணும். மிச்சம் இருக்கும் சிவப்பணுவைக் குளிர்ந்த சலைனில் கழுவிக் கழுவி, கடைசியில் ஐஸ் தண்ணீர் விட்டு உடைக்கணும். அப்புறம் பைரோகாலால் என்ற ரசாயனத்தைச் சேர்க்கணும். அது காற்றுப் பட்டாலே பழுப்பாகிக்கொண்டே போகும். எஸ்.ஓ.டி. அந்த வேகத்தைக் குறைக்கும். வேகத்தைப் பாதியாக்கத் தேவைப்படும் அளவு ஒரு யூனிட். இன்னொரு லேப் வேறு ரசாயனம் வைத்திருந்தால் அவர்கள் யூனிட்டே வேறு. அதனால் எந்த முறை, எந்தக் கிட், மில்லி ரத்தத்துக்கா கிராம் ஹீமோகுளோபினுக்கா என்று தெரியாமல் இந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

உன் எண் 138, பக்கத்தில் 'யூனிட்/மில்லி' என்று போட்டிருக்கிறது. கீழ் வரம்பு 164. அதாவது ஒரு மில்லி ரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்திருக்கிறார்கள். இப்போது இரண்டாம் பக்கத்துக்கு வா. ஹீமோகுளோபின் 10.1. இதைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை! ஹீமோகுளோபினைப் போலவே நொதியும் இருப்பது சிவப்பணுவில். உனக்குச் சிவப்பணுச் சரக்கே குறைவு. அப்படியிருக்க ஒரு மில்லி ரத்தத்தில் நொதி குறையாமல் என்ன செய்யும்? ஹீமோகுளோபின் கணக்குக்கு மாற்றிப் பார்த்தேன். டெசிலிட்டருக்கு 10.1 கிராம் என்றால் மில்லிக்கு 0.101 கிராம். 138-ஐ அதால் வகுத்தால் 1366 வருகிறது. எங்கள் லேபில் வைத்திருந்த கிட்டிலும் மில்லிக் கணக்கில் இதே 164-தான் கீழ் வரம்பு, அதனால் அதே கிட்டாக இருக்கலாம். அதன் தாளில் ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு 1102 முதல் 1601 வரை சரியான அளவு. நீ நடுவில் நிற்கிறாய். உன் ஹீமோகுளோபினுக்கு ஏற்ற நொதி இருக்கிறது, ஹீமோகுளோபின்தான் போதவில்லை.

சரி, ஒரு பேச்சுக்கு உண்மையிலேயே குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள். அப்போதும் என்ன நோய் என்று அது சொல்லாது. எங்கள் துறையில் பி.ஜி. படித்த பிள்ளைகள் வருஷாவருஷம் தீசிஸுக்கு எஸ்.ஓ.டி. எடுப்பார்கள். ஒருத்தருக்குச் சர்க்கரை, அடுத்தவருக்குக் கண்புரை, இன்னொருவருக்கு மூட்டுவாதம், அப்புறம் வாய்ப்புற்று, கர்ப்பகால ரத்த அழுத்தம். ஒவ்வொரு தீசிஸிலும் நோயாளிக் கூட்டத்தின் சராசரி ஆரோக்கியமானவர்களின் சராசரியிலிருந்து விலகி நிற்கும். பெரும்பாலும் குறைவு; சிலவற்றில் அதே நோய்க்குக் கூடுதல். எல்லா வீட்டு வாசலிலும் குரைக்கும் நாயை வைத்துத் திருடன் எந்த வீட்டில் என்று கண்டுபிடிக்க முடியுமா? கூட்டத்துக்குக் கூட்டம் சராசரி மாறுவது ஒன்று; தனி ஒரு ஆளின் ரத்தத்தைப் பார்த்து இவருக்கு இது என்று சொல்வது முற்றிலும் வேறு. அந்தப் பிள்ளைகள் உழைத்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதிலிருந்து பரிசோதனை பேக்கேஜ் விற்கக் கிளம்பியவர்கள் மேல்தான் கோபம்.

நன்றாகச் செய்த ஆய்வும் உண்டு. 2003-இல் ஜெர்மனியின் மைன்ஸில் இதயத் தமனி நோய் சந்தேகப்பட்ட 636 பேரைக் கிட்டத்தட்ட ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். சிவப்பணுவில் குளூட்டதயோன் பெராக்சிடேஸ் குறைவாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் அதிகம் வந்தது. அதே ரத்தத்தில் அளந்த எஸ்.ஓ.டி.க்கும் அந்த ஆபத்துக்கும் தொடர்பே தெரியவில்லை. நீ பயப்படும் எண் அதுதான்.

கேட்டலேஸ் கதையையும் கேள். 1946-இல் ஜப்பானின் ஒகயாமாவில் தகஹரா என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், வாயில் அழுகல் புண்ணோடு வந்த 11 வயதுப் பெண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்துவிட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினார். பொங்கி நுரைக்க வேண்டியது நுரைக்கவில்லை, ரத்தம் கறுத்துப்போனது. வெள்ளி நைட்ரேட்டை மாற்றி ஊற்றிவிட்டோமோ என்று முதலில் நினைத்தாராம். பாட்டில் சரியாகத்தான் இருந்தது. அந்தப் பெண்ணின் ரத்தத்தில் கேட்டலேஸ் இல்லை, உடன்பிறந்தவர்கள் சிலருக்கும் இல்லை. பின்னால் இப்படிப் பலரைக் கண்டுபிடித்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் ஒரு நோயும் இல்லாமல் வாழ்ந்தார்கள். நொதியே இல்லாதவர்கள் நடமாடும்போது, கொஞ்சம் குறைந்ததற்கு நீ தூக்கம் கெடலாமா?

நொதி கூடினால் நல்லது என்பதும் சரியில்லை. எஸ்.ஓ.டி.1 மரபணுவில் பிசகு வந்தால் சிலருக்கு ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் வருகிறது, 1993-இல் தெரியவந்தது. உருக்குலைந்த அந்தப் புரதமே நரம்பைக் கெடுக்கிறது. 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டோஃபெர்சன் மருந்தின் வேலை, அந்த நொதி உண்டாவதைக் குறைப்பது.

ரத்தத்தில் நொதியை அளப்பதே வீண் என்று நினைத்துவிடாதே. ஜி-6-பி.டி. என்று ஒரு நொதி உண்டு. குளூட்டதயோன் என்ற ஆன்டிஆக்சிடன்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவரத் தேவையானதைச் சிவப்பணுவுக்குள் தயாரிப்பது அதுதான். அது குறைந்தவருக்கு மலேரியாவுக்கான ப்ரைமாகுயின் கொடுத்தால் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கறுத்துவிடும். முடிவைப் பார்த்ததும் டாக்டர் மருந்தை மாற்றுவார். அப்படி ஏதாவது மாறினால்தான் ரத்தம் எடுத்ததற்கு அர்த்தம். உன் 138-ஐப் பார்த்து எந்த டாக்டர் எதை மாற்றுவார்?

மாத்திரை விஷயம். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈ-யும் கொடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகம். நீ புகைப்பவள் இல்லை, அதே ஆபத்து உனக்கு இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆன்டிஆக்சிடன்ட் என்ற பெயரில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது. உன் எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, 72; சிவப்பணு சிறுத்திருக்கிறது. ஹீமோகுளோபின் 10.1-உம் சேர்ந்தால் முதல் சந்தேகம் இரும்புச்சத்துக் குறைவு. இந்த வாரமே ஒரு நல்ல ஜெனரல் மெடிசின் டாக்டரைப் பார்த்து, உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் எடுக்கச் சொல். ஃபெரிட்டின் சரியாக இருந்தால் பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் குறைபாடான தலசீமியா மைனரா என்று பார்க்க ஹெச்.பி.ஏ.2 பரிசோதனையையும் அவரே சொல்வார். மாதவிலக்கு எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்று கூச்சப்படாமல் சொல். என்னிடம்கூட மழுப்புகிறாய், அவரிடம் மழுப்பாதே. தைராய்டுக்குப் பார்க்கும் டி.எஸ்.ஹெச். 2.3, அதில் கவலை இல்லை. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை நிறுத்து, இரும்பு உடம்பில் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடி. ரிசல்ட் வந்ததும் படம் எடுத்து அனுப்பு, சிவப்பில் இருக்கும் பக்கம் மட்டும் இல்லாமல் எல்லாப் பக்கமும்.

அன்புடன்,
அம்மா